உருகாமலே சாகும் இரும்பு

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறி, அப்பால் ஏலத் தோட்டங்களுக்குள் நுழைகிறவர்களுக்கு "ஸ்டோர்" என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. சமவெளியில் இருக்கும் நேயர்களுக்காகச் சொல்லுகிறேன். பறித்த பச்சைக் காயை நிறம் கெடாமல் உலர்த்துகிற வீட்டுக்கு மலையில் அந்தப் பெயர். பழைய மாதிரி ஸ்டோர்களில் வெளிப்புறம் ஓர் அடுப்பு இருக்கும். அதில் விறகு எரியும். புகையும் சூடும் தகட்டுக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றிக் கூரை வழியே வெளியேறும். காய்க்குக் கிடைப்பது குழாயின் சூடு மட்டுமே, புகை அல்ல. அறையின் உஷ்ணம் 50 டிகிரியைச் சுற்றி நிற்கும்படி இரவெல்லாம் காவல் இருப்பார்கள். சூடு மிஞ்சினால் காயின் பச்சை வெளுக்கும். போடியில் ஏலக்காய் ஏலத்துக்கு வரும்போது விலை இறங்கும்.

அறைக்குள் இருக்கும் குழாய்க்கு ஆயுசு கெட்டி. அடுப்பு வாயை ஒட்டிய தகட்டுக்குத்தான் கேடு காலம். சில பருவங்களில் அது மெலிந்து, சிவந்த கறுப்பான செதில்களாக உதிர்ந்து, கடைசியில் ஓட்டை விழுந்துவிடும். விறகைத் தாங்கும் கம்பிகளோ நடுவில் தொய்ந்து தொட்டில் போல் ஆகிவிடும். "வாத்தியாரய்யா, தகடு உருகவே இல்லையே! பின்னே இத்தனை இரும்பும் எங்கே போச்சு?" என்று ஒரு தோட்டத்து மேஸ்திரி என்னைக் கேட்டார். பள்ளிக்கூடத்துப் புஸ்தகங்களில் உள்ள கேள்விகளை விட இது நல்ல கேள்வி. இன்றைய ஆகாய விமானமும் ராக்கெட்டும் இதே கேள்விக்கு விடை தேடித்தான் பறக்கின்றன.

ரசம் ஊற்றாமல் ஈயச் சொம்பை அடுப்பில் வைத்துவிட்ட வீடுகளில், உலோகம் உருகிப் போவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த ஈயம், அதாவது வெள்ளீயம், 232 டிகிரியிலேயே உருகிவிடும். அதைப் பார்த்த பழக்கத்தினால், உஷ்ணம் உலோகத்தைக் கெடுப்பது உருக்கித்தான் என்று நாம் நினைத்துக்கொள்ளுகிறோம். இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். விறகடுப்பில் அவ்வளவு சூடு ஒருநாளும் வராது. அதற்கு வெகு தூரம் இப்பாலேயே இரும்பைக் கொல்லுகிற எதிரிகள் இருவர் இருக்கிறார்கள்.

முதலாவது எதிரி காற்றிலுள்ள பிராணவாயு. சாதாரணத் துரு நமக்குத் தெரியும். அது ஈரத்தின் துணை கொண்டு மெல்ல வேலை செய்வது. நெருப்பில் நடப்பது வேறு. சுமார் 570 டிகிரியைத் தாண்டியதும் இரும்பின்மேல் ஒரு புதுவகைச் செதில் உண்டாகிறது. அது இரும்பை மூடிக் காப்பாற்றுவதற்குப் பதிலாக, உள்ளேயிருந்து இரும்பை வெளியே விடுகிற கதவாக இருக்கிறது. இரும்பின் அணுக்கள் அதன் வழியே சுலபமாக ஊடுருவி மேலே வந்து பிராணவாயுவோடு சேர்ந்துகொண்டே இருக்கும். செதில் தடித்து, அடுப்பு ஆறும்போது வெடித்து உதிரும். மறுநாள் புதுச் செதில். மேஸ்திரியின் இரும்பு எங்கும் போகவில்லை. சாம்பலோடு சாம்பலாக வாரிக் கொட்டப்பட்டது.

இதற்கு மாற்று, கதவைச் சாத்துகிற மேலாடை ஒன்றை இரும்புக்குப் போர்த்துவது. அதைச் செய்வது குரோமியம். இரும்போடு போதிய குரோமியம் கலந்தால், மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் படிகிறது. அதைக் கடந்து அணுக்கள் எளிதில் போய்வர முடியாது. கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தின் ரகசியம் இதுதான். 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கலந்த பாத்திரத் தகடு ஸ்டோர் அடுப்பிலும் சாதா இரும்பைவிடப் பல மடங்கு தாங்கும். 25 பங்கு குரோமியமும் 20 பங்கு நிக்கலும் உள்ள 310 என்ற எண்ணுள்ள தகடு 1100 டிகிரி வரைகூடக் காற்றில் நிற்கும். ஆனால் அதன் விலையைக் கேட்டால் தோட்டக்காரர் காய்ச்சலில் படுத்துவிடுவார். அடுப்பு வாய்க்கு ஒரு முழம் தகடு மட்டும் அதில் போட்டு, சுற்றிலும் சூளைச் செங்கல் வைத்தால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது எதிரி இன்னும் சூதானவன். அடுப்புக் கம்பியைத் தொய்ய வைத்தவன் அவன்தான். குளிர்ந்த இரும்புக் கம்பியின் மேல் ஒரு பாரத்தை வைத்தால், அது தாங்கும் அல்லது தாங்காது. நேற்றுத் தாங்கியது இன்றும் தாங்கும். சூட்டில் அப்படி இல்லை. இன்று தாங்கும் பாரத்தையே நாளையும் தாங்கிக்கொண்டு, மயிரிழை மயிரிழையாக நீண்டுகொண்டே போகும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் விரற்கடை இறங்கியிருக்கும். பிறகு ஒருநாள் அறுந்துவிடும். உலோகம் என்பது எண்ணற்ற சிறு படிக மணிகள் நெருங்கிச் சேர்ந்த கட்டி. உஷ்ணம் ஏறினால் அணுக்கள் இடம் விட்டு இடம் தாவுகின்றன. மணிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. இதை "நகர்வு" என்று சொல்லலாம்.

எந்த உஷ்ணத்தில் இது தொடங்கும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. மைனஸ் 273 டிகிரி என்ற அடிமட்டத்திலிருந்து உருகும் நிலை வரைக்கும் உள்ள உயரத்தில், பத்தில் நாலு பங்கு ஏறியதும் நகர்வு தலைகாட்டும். இரும்புக்கு அது சுமார் 450 டிகிரி; சிவக்கக்கூட வேண்டியதில்லை. காரீயத்துக்கோ நம் வீட்டுத் திண்ணையின் வெப்பமே போதும். சீமையில் பழைய மாதா கோயில்களின் காரீயக் கூரைகள் நூற்றாண்டுக் கணக்கில் தாமாகவே கீழ்நோக்கி வழிந்திருக்கின்றன.

இங்கே ஒருவர் கேட்கலாம்: "அதிக பலமுள்ள உருக்காக வாங்கிப் போட்டால் தீராதா?" தீராது. அதற்கும் போடிப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் நம் ஊர் வழியாகத்தான் சீமைக்குப் போயிற்று. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் ஒரு விநோத வண்டியைப் போட்டார்கள். 1908-இல் அதை மாற்றிச் சின்ன ரயில் ஆக்கினார்கள். அது தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷன் விளிம்பு வரை கொண்டுவந்து நிறுத்தும். அங்கிருந்து கீழே கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தொங்கிப் பெட்டிகள் இறங்கும். பிறகு மாட்டு வண்டியில் போடி. 1924-ஆம் வருஷத்து வெள்ளம் அந்த ரயிலை வாரிக்கொண்டு போயிற்று.

அப்படிப்பட்ட கம்பிவடத்துக்கு வேண்டிய இரும்பு ஒரு தனி ஜாதி. சாதாரணக் கட்டட இரும்பு, சதுர மில்லிமீட்டருக்கு 40 கிலோ பாரத்தில் அறும். வடத்தின் கம்பி 160 கிலோவுக்கு மேலும் தாங்கும். நிறையக் கரி சேர்ந்த உருக்குக் கம்பியைக் காய்ச்சி, உருகிய காரீயத் தொட்டியில் ஓடவிட்டு அளவாகக் குளிரவைத்தால், உள்ளே இரும்பும் கரிச்சேர்க்கையும் ஓலைச்சுவடியின் ஏடுகள் போல ஒன்றுவிட்டு ஒன்றாக அடுங்கும். பிறகு அதைச் சிறு துளைகள் வழியே இழுத்து இழுத்து மெலியச் செய்தால் ஏடுகள் இன்னும் நெருங்கும். பலம் அந்த நெருக்கத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட இழைகள் பலவற்றை முறுக்கினால் வடம். ஜெர்மனியில் ஹார்ஸ் மலைச் சுரங்க அதிகாரி வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்பவர் 1834-இல் இந்த யோசனையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஓர் இழை அறுந்தாலும் மற்றவை தாங்கும். சங்கிலியில் அந்தச் சௌகரியம் இல்லை.

இவ்வளவு கெட்டிக்காரக் கம்பியை எடுத்து ஸ்டோர் அடுப்பில் வையுங்கள். 700 டிகிரியில் சில மணி நேரம் கிடந்தால் ஏடுகள் கரைந்து உருண்டைகளாகிவிடும். கம்பி கட்டுக்கம்பி மாதிரித் துவண்டு வரும். குளிரில் பெற்ற பலம் குளிரோடு சரி. வெந்தணலில் நிற்க வேண்டியதற்கு, வெந்தணலிலேயே நிலைக்கிற உள்ளமைப்பு வேண்டும்.

உலோகத்தோடு உலோகத்தைக் கலந்து அதன் குணத்தை மாற்றலாம் என்ற முறையான ஆராய்ச்சி எங்கிருந்து பிறந்தது என்று பார்த்தால், நம் தென்னாட்டுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது. மூசையில் இரும்பையும் கரிப்பொருளையும் இட்டு உருக்கு எடுக்கும் தொழில் தமிழகத்திலும் கன்னட தெலுங்கு நாடுகளிலும் இலங்கையிலும் நெடுங்காலம் நடந்தது. நொய்யல் கரையில் கொடுமணலில் பழைய உலைகள் அகழ்ந்து எடுக்கப்பட்டிருக்கின்றன. "ஊட்ஸ்" என்று வெள்ளைக்காரர்கள் பெயரிட்ட அந்த உருக்கு லண்டனில் மைக்கேல் பாரடேயின் கைக்கு வந்தது. மின்சார சாஸ்திரத்தின் பிதாவாகப் பின்னால் பெயர்பெற்ற அதே பாரடே. 1819-இல் அவர் அதைப் பரிசோதித்து, அதன் சிறப்புக்குக் காரணம் அதில் கலந்துள்ள அலுமினியச் சத்து என்று எண்ணினார். அது தவறு, காரணம் கரி. ஆனால் அந்தத் தவறான எண்ணமே அவரைப் பிளாட்டினம், வெள்ளி, ரோடியம் என்று ஒவ்வொன்றாக உருக்கில் கலந்து பார்க்கத் தூண்டிற்று. கலப்பு உருக்கு ஆராய்ச்சியின் பிள்ளையார் சுழி அது.

நம்மவர் இதைக் கேட்டு மார் தட்டிக்கொள்வதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். என் மனசுக்கு அது உவப்பாக இல்லை. உருக்கினவர்கள் கையில் வித்தை இருந்தது; அதை எழுதி வைக்கவும் அளந்து பார்க்கவும் நம் படித்த வர்க்கம் முன்வரவில்லை. உலைக்களத்தின் வாசலில்கூட அது கால் வைக்கவில்லை. சீமை இரும்பு வந்து இறங்கியதும் உலைகள் அணைந்தன. வித்தை கைகளோடு போயிற்று.

இப்போது நெருப்புக்குள் நிற்கும் உலோகத்துக்கு வருவோம். இரண்டாவது மகாயுத்தத்தை ஒட்டிய வருஷங்களில் விமானத்துக்கு ஜெட் என்ஜின் பிறந்தது. பிராங்க் விட்டில் அமைத்த என்ஜினோடு பிரிட்டிஷ் விமானம் முதன்முதல் பறந்தது 1941 மே 15. அந்த என்ஜினுக்குள் எரிகிற வாயு ஒரு சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தின் ஓரமெல்லாம் சிறு சிறு இறக்கைத் தகடுகள். செந்தணலாகக் காய்ந்த நிலையில், சுழற்சியின் வேகத்தால் ஒவ்வொரு தகடும் பல டன் பாரம் கட்டித் தொங்கவிட்டாற்போல் வெளிநோக்கி இழுபடும். உருக்கு இதற்கு ஆகவில்லை. நிக்கலை முக்கியமாக வைத்துக் குரோமியம் கலந்து, அத்துடன் டைட்டானியமும் அலுமினியமும் சிறிதளவு சேர்த்த "நிமோனிக்" என்ற கலப்பு பிரிட்டிஷாருக்குக் கைகொடுத்தது. ஜெர்மானியரிடம் அவர்களைவிடச் சாமர்த்தியமான என்ஜின் இருந்தது. ஆனால் நிக்கல் இல்லை. கையில் இருந்த உலோகத்தைக் கொண்டே சமாளித்தார்கள். அவர்களுடைய ஜூமோ என்ஜின் 10 முதல் 25 மணி நேரம் ஓடினால் கழற்ற வேண்டியதாயிற்று. மூளை இருந்தும் உலோகம் இல்லாத தேசத்தின் கதி அது.

சிறிதளவு அலுமினியம் செய்கிற வேலைதான் இதில் அதிசயம். கட்டி குளிர்ந்து பக்குவப்படும்போது நிக்கலும் அலுமினியமும் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கூடி, மிக நுண்ணிய கனசதுரக் கட்டிகளாக உள்ளே பிறக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இரண்டாயிரம் கட்டிகளை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சிறியவை. வழுக்கப் பார்க்கும் அணு வரிசைகளை இவை சுவர் போல் தடுக்கின்றன. சாதாரண உலோகம் சூடு ஏற ஏறத் தளரும். இந்தக் கட்டிகளோ ஏறத்தாழ 700, 800 டிகிரி வரையில் சூடு ஏற ஏற இறுகுகின்றன. அப்புறம் அமெரிக்காவில் இன்னொரு யுக்தி கண்டார்கள். நகர்வு அதிகம் நடப்பது படிக மணிகளின் எல்லைக் கோடுகளில். அந்த எல்லையே இல்லாமல் தகடு முழுவதையும் ஒரே படிகமாக வார்த்துவிட்டால்? அச்சின் அடியில் பன்றி வாலைப் போல் சுருண்ட ஒரு குறுகிய வழி வைக்கிறார்கள். உறையத் தொடங்கும் படிகங்களில் ஒன்றே ஒன்றுதான் அந்தச் சுருளைக் கடந்து மேலே வர முடியும். அது மெல்ல மெல்ல வளர்ந்து தகடு முழுவதும் ஆகிறது. உள்ளே காற்றோடும் நுண்ணிய வழிகள், மேலே மட்பாண்டப் பூச்சு. இத்தனையும் சேர்ந்து, தான் உருகும் உஷ்ணத்தைவிட அதிக உஷ்ணமுள்ள வாயுவின் நடுவில் அந்தத் தகடு ஆயிரக்கணக்கான மணி நேரம் சுழல்கிறது.

இந்த வித்தையை விலைக்குக் கேட்டால் எந்தத் தேசமும் லேசில் தராது. என்ஜினை விற்பார்கள், தகட்டை வார்க்கும் முறையை விற்கமாட்டார்கள். நம்முடைய தேஜஸ் விமானம் 2001-இல் பறந்தது அமெரிக்க என்ஜினோடு, இன்றும் அப்படித்தான். அதற்கென்றே நம் நதியின் பெயரைச் சூட்டி உண்டாக்க முயன்ற காவேரி என்ஜின் வேண்டிய விசையை எட்டாமல், 2008-இல் அந்த விமானத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. மறைக்கத்தான் வெட்கப்பட வேண்டும். ஹைதராபாத்தில் 1973-இல் சர்க்கார் தொடங்கிய மிதானி என்ற ஆலை இத்தகைய கலப்புலோகங்களைக் காய்ச்சி எடுக்கிறது. அதே ஊரிலுள்ள ராணுவ உலோக ஆராய்ச்சிச்சாலை, ஒற்றைப் படிகத் தகடுகளை வார்த்து, ஹெலிகாப்டர் என்ஜினுக்காக 60 தகடுகளை 2021-இல் ஒப்படைத்தது. அறுபது தகடு என்பது ஒரு பிரமாதமான எண் அல்ல. ஆனால் அந்தப் பன்றிவால் சுருளுக்குள் நாமும் ஒரு படிகத்தை ஏற்றிவிட்டோம்.

ராக்கெட்டில் நம் நிலைமை இதைவிட நல்லது. அதைப் பார்க்க வெகு தூரம் போக வேண்டாம். போடிக்கு மேற்கே நிற்கும் இதே மலைத்தொடர் தெற்கே ஓடிக் குமரி முனைக்குச் சற்று முன்னால் மகேந்திரகிரியாக முடிகிறது. அதன் அடிவாரத்தில், திருநெல்வேலி ஜில்லாவில், நம் ராக்கெட் என்ஜின்களைத் தரையில் கட்டிவைத்து எரித்துப் பார்க்கிறார்கள். மைனஸ் 253 டிகிரியில் திரவமான ஜலவாயுவும் மைனஸ் 183 டிகிரியில் திரவமான பிராணவாயுவும் எரியும் என்ஜினும் அங்கே சோதனைக்கு வரும். ஒரு சுவருக்கு இப்பால் உறைபனியை வெட்கவைக்கும் குளிர், அப்பால் ஊழித்தீ. இதைச் செய்யும் வித்தையை ரஷ்யாவிடம் வாங்க ஒப்பந்தம் செய்திருந்தோம். அமெரிக்கா குறுக்கே நின்றது. 1993-இல் ரஷ்யா என்ஜின்களை மட்டும் தருவதாகச் சொல்லி வித்தையை நிறுத்திக்கொண்டது. நாமே செய்த என்ஜின் 2010 ஏப்ரல் 15-இல் முதன்முதல் ஏறியது, தோற்றது. திரவ ஜலவாயுவை ஊட்டும் சிறு பம்பு நிமிஷத்துக்கு 34,800 சுற்று எட்டிப் பிறகு நின்றுவிட்டது. சீல் ஒன்று கவ்விக்கொண்டிருக்கலாம், அல்லது அழுத்தத்தாலும் வெப்பத் திணறலாலும் உறை பிளந்திருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கூறினார்கள். உலோகம் சூட்டில் எவ்வளவு விரியும், குளிரில் எவ்வளவு சுருங்கும் என்ற கணக்கில் மயிரிழை பிசகினாலும் இப்படித்தான். 2014 ஜனவரி 5-இல் அதே வகை என்ஜின் வெற்றி கண்டது.

போன வருஷங்களின் செய்திகளில் என்னை அதிகம் மகிழ்வித்தது இதைவிடச் சின்னச் செய்தி. பத்திரிகைகளில் ஒரு மூலையில் வந்தது. நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நாலாம் அடுக்கு என்ஜினுக்கு, வாயு வெளியேறும் விரிந்த குழல் "கொலம்பியம்" என்ற உலோகத்தில் செய்யப்பட்டு வந்தது. நயோபியம் என்றாலும் அதுவே. 10 பங்கு ஹாஃப்னியம் கலந்த அந்தச் சரக்கு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். உருகுநிலை எட்டாத உயரம். ஆனால் காற்றில் காய்ந்தால் நம் ஸ்டோர் தகட்டைப் போலவே அரிக்கப்படும், ஆகையால் மேலே பூச்சு வேண்டும். அதற்குப் பதில் கோபால்ட்டை முக்கியமாகக் கொண்ட ஸ்டெல்லைட் வகைக் கலப்பை உள்நாட்டிலேயே பெற்றுக் குழல் செய்து, 2025 ஏப்ரல் 8-இல் மகேந்திரகிரியில் எரித்துத் தேர்ச்சி கொடுத்தார்கள். 1150 டிகிரி வரை பலம் குன்றாது. செலவில் சுமார் 90 சதவிகிதம் மிச்சம். அந்தக் குழலுக்கு அதற்குமேல் சூடு ஏறுவதில்லையானால், அதற்குமேல் தாங்கும் உலோகத்துக்கு ஏன் பணம் கொடுப்பது? முப்பது வீட்டு விருந்துக்கு முந்நூறு இலை வாங்காத குடும்பஸ்தனின் புத்தி இது. ஸ்டெல்லைட் ஒன்றும் புதிய சரக்கல்ல. அமெரிக்கரான எல்வுட் ஹெய்ன்ஸ் என்பவர் 1907-இல் பதிவு செய்தது. அதன் மினுக்கத்தைக் கண்டு நட்சத்திரம் என்று பொருள்பட லத்தீனில் பெயரிட்டார்.

சுதேசி என்று சொல்லும்போதே ஒரு விஷயத்தையும் மறக்கலாகாது. குரோமியத்துக்கு ஒடிஸாவின் சுகிந்தாப் பள்ளத்தாக்கு இருக்கிறது. கோபால்ட்டும் நிக்கலும் பெரும்பாலும் இன்னும் கப்பலேறித்தான் வருகின்றன. ஆக, கலக்கும் வித்தை நம்முடையது, கலக்கப்படும் சரக்கு பாதி பிறருடையது.

மேலே சொன்ன நகர்வை அளப்பதில் குறுக்கு வழி கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலோகத் துண்டை உலைக்குள் தொங்கவிட்டு, கீழே பாரம் கட்டி, நீள்கிறதா என்று காத்திருக்க வேண்டும். லட்சம் மணி நேரச் சோதனை என்றால் பதினோரு வருஷத்துக்கு மேல். கல்பாக்கத்தில் திரவ சோடியம் ஓடும் அணு உலைக்கான உருக்குகளை இப்படித்தான் காத்திருந்து சோதிக்கிறார்கள். ஜப்பானில் 1969-இல் தொங்கவிட்ட ஒரு துண்டை நாற்பது வருஷத்துக்கு மேல் கவனித்தார்கள். தொடங்கி வைத்தவர்கள் ஓய்வு பெற்றுப் போக, அடுத்த தலைமுறை குறிப்பேட்டைத் தொடர்ந்தது. பையனை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று என்னிடம் யோசனை கேட்க வரும் பெற்றோரிடம் உலோகவியல் என்றால் முகம் சுருங்குகிறது. "அதைப் படித்தால் எப்போது சம்பாதிப்பான்?" என்கிறார்கள். சேலத்திலும் திருச்சியிலும் அதற்கு நல்ல படிப்பு இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன்.

டைட்டானியத்தைப் பற்றி இந்த வாரம் ஒன்றும் சொல்லவில்லை. உருக்கின் பாதியைவிடச் சற்று அதிக எடையில் உருக்கோடு போட்டி போடும் அந்த உலோகத்தின் தாது, கன்னியாகுமரி ஜில்லாவில் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலிலே கிடக்கிறது. 1909-இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர், ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டி வந்த மணலைப் பார்த்து அந்தக் கரையின் செல்வத்தைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான், 2011-இல், கேரளத்துச் சவறாவில் டைட்டானியம் எடுக்கும் ஆலை இந்த தேசத்துக்கு வாய்த்தது. நடுவில் இருந்த நூறு வருஷக் கதை கொஞ்சம் நீளம். அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.